கடலூரில் முதல் வீடு கட்டப் போகிறீர்களா? கடக்கால் தோண்டும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் வீட்டின் முதல் பிளானை 5,000 ரூபாய் கொடுத்து இரண்டே நாளில் வாங்கினோம். ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, பூஜை அறை, மாடிப்படி எல்லாம் அதில் இருந்தன. கடக்கால் குழி தோண்டி, பாதிக் குழிகளுக்கு அடிக் கான்கிரீட்டும் போட்ட பிறகுதான் அது வேறு யாருடைய மனைக்கோ போட்ட பிளான் என்று தெரிந்தது. கிழக்கு பார்த்த மனைக்கு வரைந்ததைத் திருப்பிப் போட்டு, மேற்கு பார்த்த எங்கள் மனைக்குக் கொடுத்திருந்தார்கள். குழிகளை மூடி முதலிலிருந்து ஆரம்பித்ததில் 1,80,000 ரூபாயும் நான்கு மாதமும் போயின. அந்த நான்கு மாதத்தில் ஓடி ஓடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடலூர் மாநகராட்சியிலோ சுற்றியுள்ள ஊராட்சிகளிலோ, சொந்த மனையில் தரைத்தளமும் அதிகம் போனால் ஒரு மாடியும் கட்டுகிறவர்களுக்கான வழிகாட்டி இது. புதுச்சேரியில் கட்டுகிறவர்களுக்கு 2, 3, 6, 7 ஆகிய படிகள் அப்படியே பொருந்தும். அனுமதி முறை வேறு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடிவமைப்பு என்றால் முகப்பு எப்படி இருக்கும் என்பதுதான் என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். உங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள், வெயில் எந்தச் சுவரில் விழும், மழைத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேட்டுக் கேட்டு முடிவெடுப்பதுதான் வடிவமைப்பு. அந்தக் கேள்விகளைக் காகிதத்தில் கேட்டால் அழிப்பானோடு போய்விடும். செங்கல் ஏறிய பிறகு கேட்டால் கடப்பாரை வேண்டும்.

1. பத்திரங்களை முதலில் ஒழுங்கு செய்யுங்கள்

வரைகிறவரைத் தேடும் முன் ஒரு ஃபைல் வாங்கி இவற்றை அதில் சேருங்கள்: கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளரின் பத்திரம்), 30 ஆண்டு வில்லங்கச் சான்று, உங்கள் பெயரில் பட்டா, புல வரைபடம், மனைப்பிரிவு அங்கீகார ஆணை அல்லது வரன்முறை ஆணை, காலிமனை வரி ரசீது. பட்டாவையும் புல வரைபடத்தையும் வருவாய்த் துறை இணையதளத்திலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்திலும் எடுக்கலாம்.

இங்கே பலரும் மாட்டுவது கூட்டுப் பட்டாவில். பத்திரம் உங்கள் பெயருக்கு வந்திருக்கும். பட்டாவில் பழைய உரிமையாளரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்திருப்பார்கள். உங்கள் மனையைத் தனிப் பட்டாவாகப் பிரிக்கும் உட்பிரிவு செய்யாமல் அனுமதிக்குப் போனால் விண்ணப்பம் திரும்பி வரும். எங்களுக்கு உட்பிரிவு முடிய ஐந்து வாரம் ஆனது. வேறு வேலை எதுவும் தொடங்கும் முன்பே இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்தது அளவு. பத்திரத்தில் 30க்கு 60 என்று இருக்கும், தரையில் அப்படி இருக்காது. எங்கள் மனையின் பின்பக்கம் 29 அடி 2 அங்குலம்தான். சர்வேயரை வைத்து அளந்து, எல்லைக்கல்லைப் பக்கத்து மனைக்காரர் முன்னிலையில் நடுங்கள். அந்த அளவைத்தான் வரைகிறவரிடம் கொடுக்க வேண்டும்.

தேவனாம்பட்டினம், முதுநகர், உப்பனாற்றுப் பக்கம் மனை வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். அலை ஏறி இறங்கும் ஆறு, கழிமுகக் கரைகளிலும் அது நீளும். மனை அதற்குள் வந்தால் தனி அனுமதி வேண்டும். மனை வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது இது.

2. மனையில் போய் உட்காருங்கள்

ஒரு பைசா செலவில்லாத படி இது. நான் இதைத்தான் தவறவிட்டேன். ஒரு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு காலை 8 மணி, மதியம் 1 மணி, மாலை 4 மணி என்று மூன்று வேளையும் மனையில் அரை மணி நேரமாவது உட்காருங்கள். வெவ்வேறு மாதங்களில் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

வெயிலைப் பற்றி: கடலூர் நில நடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்கு (டிகிரிக்கு) கொஞ்சம் குறைவான இடத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கும். ஆகவே ‘வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது, சன்ஷேடு வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தெற்கில் டிசம்பர் நண்பகல் வெயில் ஏறத்தாழ 55 பாகை உயரத்தில் வரும். 2 அடி சன்ஷேடு அங்கே கிட்டத்தட்ட 2¾ அடி நிழல் கொடுக்கும், நான்கு அடி ஜன்னலில் பெரும் பகுதி மறைந்துவிடும். அதே 2 அடி சன்ஷேடு மேற்குச் சுவரில் என்ன செய்யும்? மார்ச் மாத மாலை 4 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 33 பாகைக்கு இறங்கியிருக்கும். நிழல் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் விழும். மேற்குப் பக்கத்துக்கு சன்ஷேடு போதாது. மாடிப்படி, குளியலறை, பொருள் வைக்கும் அறை போன்றவற்றை அங்கே தள்ளுங்கள், அல்லது தாழ்வாரம் இறக்குங்கள். எங்கள் முதல் பிளானில் அம்மாவின் அறை தென்மேற்கில் இருந்தது, மேற்குச் சுவரில் ஆறடி ஜன்னல். அந்த இடத்தில் நாற்காலி போட்டு 4 மணிக்கு உட்கார்ந்து பார்த்தேன். கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டேன்.

காற்றைப் பற்றி: கோடையில் முற்பகலுக்குப் பிறகு கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். அது உள்ளே வர ஒரு ஜன்னல் இருந்தால் போதாது; எதிர்ப்பக்கம் வெளியே போகவும் வழி வேண்டும். பிளானில் ஒவ்வொரு அறையிலும் காற்று நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் பென்சிலால் அம்பு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அம்பு சுவரில் முட்டினால் அந்த அறையில் நாள் முழுக்க ஃபேன் ஓடும்.

தண்ணீரைப் பற்றி: 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது எந்தத் தெருவில் எவ்வளவு ஏறியது என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். கேளுங்கள். சில சுவர்களில் கறை இன்னும் இருக்கிறது. பக்கத்து வீட்டு மதிலில் இருந்த கறையை டேப் வைத்து அளந்தேன். சாலையிலிருந்து 22 அங்குலம். சாலையும் ஒவ்வொரு முறை போடும்போது உயரும். அதனால் எங்கள் தரைமட்டத்தைச் சாலையிலிருந்து 3 அடி 6 அங்குலம் வைத்தோம். கூடுதல் உயரத்துக்கு 95,000 ரூபாய் ஆனது. அந்தச் செலவில் ஒரு ரூபாய்கூட எனக்கு வருத்தமில்லை.

3. வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள்

‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்டால் எல்லோரும் அறைகளின் எண்ணிக்கையைத்தான் சொல்வோம். அதைவிட்டு, விடியற்காலையிலிருந்து இரவு வரை ஒரு நோட்டில் எழுதுங்கள். பால் பாக்கெட் எங்கே தொங்குகிறது, யார் முதலில் எழுகிறார், அவர் விளக்கைப் போட்டால் யார் தூக்கம் கெடுகிறது, மீன் எங்கே கழுவுகிறீர்கள், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, இட்லிக்கு மாவு அரைக்கும்போது சத்தம் யாருக்குத் தொந்தரவு, சிலிண்டர் எந்த வழியாக உள்ளே வருகிறது, ஈரக்குடையை எங்கே வைப்பது, மழை நாளில் துணி எங்கே காயும். எங்கள் நோட்டில் நான்கு பக்கம் நிரம்பியது.

அதில் ஒரு வரி: ‘அம்மா மாலை 4லிருந்து 6 வரை வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்வது’. எழுதும்போது சாதாரணமாகத்தான் எழுதினேன். வீட்டின் முன்பக்கம் முழுவதையும் கடைசியில் அந்த வரிதான் தீர்மானித்தது.

பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்குத் தரைத்தளத்திலேயே அறையும், அறையை ஒட்டிய கழிவறையும் வையுங்கள். கழிவறைக் கதவு 2½ அடி என்பது வழக்கம். 3 அடியாக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி வேண்டிய நாள் வந்தால் அப்போது சுவரை இடிக்க முடியாது.

வாஸ்து பார்ப்பவர்கள் இந்தக் கட்டத்திலேயே பாருங்கள். ஈசானி மூலை (வடகிழக்கு), கன்னி மூலை (தென்மேற்கு), மனையடிக் கணக்குப்படி அறை அளவு 10, 11, 16 அடி என்று எது வேண்டுமோ அதை இப்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிளான் முடிந்த பிறகு ஜோசியரிடம் கொண்டுபோனால் சமையலறை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தாவும். காற்றுக்கும் வெயிலுக்கும் போட்ட கணக்கெல்லாம் கலையும். எங்கள் ஆர்க்கிடெக்ட் இதைப் பற்றிக் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. “முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா அதுவும் ஒரு அளவுதான் சார், வேலை செஞ்சிடலாம்” என்றார்.

4. நல்ல வீடுகளை நேரில் பாருங்கள்

போனில் படங்களைச் சேர்க்கும் முன் ஒரு நாள் புதுச்சேரி போய் வாருங்கள். பேருந்துச் செலவுதான். வைசியாள் வீதியில் நடந்தால் தெருவோரத் தாழ்வாரம், அதன்பின் திண்ணை, அதன்பின் வாசல் என்று வெயிலிலிருந்து நிழலுக்கு மூன்று நிலையில் இறங்கலாம். முற்றம் உள்ள வீட்டுக்குள் போக வாய்ப்புக் கிடைத்தால் மதியம் போங்கள். முற்றத்தின் மேலே சூடான காற்று ஏறிப்போக, தாழ்வாரத்தில் குளிர்ச்சி நிற்பது தோலுக்கே தெரியும்.

அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டா விடுதியைத் தெருவிலிருந்தாவது பாருங்கள். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கான்கிரீட் கட்டடம் அது. நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருக்கின்றன. சுவருக்குப் பதிலாக, திருப்பக்கூடிய கிடைப்பலகைகள் முழு நீளத்துக்கும் இருக்கின்றன. வெயிலைத் தடுத்துக் காற்றை விடுவதற்காக. நம் 1,000 சதுர அடி வீட்டில் அதையெல்லாம் செய்ய முடியாது. ஆனால் குறுகிய பக்கத்தை மேற்குக்குக் கொடு, நீண்ட பக்கத்தைத் திற என்ற பாடத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

5. யாரிடம் கொடுப்பது

ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்கு முன் போட்டுக்கொள்ள 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக் கலைஞர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் ‘சிஏ’ என்று தொடங்கும். மன்றத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, கேட்டால் நல்லவர்கள் தயங்காமல் கொடுப்பார்கள். கட்டுமானப் பொறியாளரின் வேலை வேறு. பில்லர், பீம், கம்பிக் கணக்கு அவருடையது. சிறிய வீட்டுக்கு ஒரு நல்ல பொறியாளரே இரண்டையும் செய்து தருவதும் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் அவர் உங்கள் மனைக்கு வந்து பார்க்கிறாரா, உங்கள் நோட்டைப் படிக்கிறாரா என்று பாருங்கள். மனையைப் பார்க்காமல் வரையத் தொடங்குகிறவரிடம் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் சரி.

எங்கள் செலவு: இரண்டு தளமும் சேர்த்து 1,500 சதுர அடிக்கு ஆர்க்கிடெக்ட் கட்டணம் 1,20,000 ரூபாய், கட்டுமானப் பொறியாளருக்கு 18,000. மொத்தக் கட்டுமானம் 35 லட்சத்துச் சொச்சம். ஐயாயிரம் ரூபாய் பிளானால் நாங்கள் இழந்தது இந்த இரண்டு கட்டணத்தையும் கூட்டினாலும் அதைவிட அதிகம்.

கட்டணம் பேசும்போது இவற்றை எழுத்தில் வாங்குங்கள்:

- எத்தனை முறை மாற்றம் இலவசம், அதற்கு மேல் எவ்வளவு.
- என்னென்ன வரைபடம் தருவார். தரைத்தளம், மாடி மட்டும் போதாது. குறுக்குவெட்டு, கதவு ஜன்னல் பட்டியல், மின்சார வயரிங், குழாய் வழி, மழைநீர் வழி எல்லாம் வேண்டும்.
- கட்டும்போது எத்தனை முறை வந்து பார்ப்பார். எங்களுக்கு 12 முறை என்று எழுதினோம்.
- ஜிஎஸ்டி 18 சதவீதம் தொகைக்குள் அடங்கியதா, தனியா.
- பணம் எந்தெந்தக் கட்டத்தில். முழுத்தொகையையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம்.

கடலூர்க்காரர்கள் பலர் புதுச்சேரி ஆர்க்கிடெக்ட்டிடம் போவோம், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாமே. நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அங்கே புதுச்சேரி நகரமைப்புக் குழுமத்தின் விதிகள், இங்கே தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019. முன்பக்கம், பக்கவாட்டு இடைவெளிகள் ஒரே மாதிரி இருக்காது. ‘தமிழ்நாட்டு விதிப்படி பார்த்தீர்களா?’ என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

6. பிளானைத் தரையில் நடந்து பாருங்கள்

பிளானைக் காகிதத்தில் படிப்பது நமக்குப் பழக்கமில்லை. 10க்கு 11 என்றால் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது. அதற்கு இரண்டு வழி.

முதலாவது எண்ணுவது. கையில் ஒரு பென்சிலோடு மாடிப்படிகளை எண்ணுங்கள். தளத்துக்குத் தளம் 10½ அடி என்றால் 126 அங்குலம். எங்கள் முதல் பிளானில் 14 படிகள் இருந்தன. 126ஐ 14ஆல் வகுத்தால் ஒரு படி 9 அங்குலம்! முட்டி வலி உள்ளவர்கள் ஏறவே முடியாது. 7 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, அப்படியென்றால் 18 படிகள் வேண்டும். கால் வைக்கும் அகலம் 10 அங்குலமாவது வேண்டும். படிக்கட்டுக்கு இடம் பற்றவில்லை என்றால் படியை உயர்த்திச் சமாளிப்பது பழைய தந்திரம். எண்ணினால் உடனே பிடிபடும். அப்படியே ஒவ்வொரு அறையிலும் கட்டில், பீரோ, கதவு திறக்கும் வட்டம் ஆகியவற்றை அளவோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழிதான் எங்களைக் காப்பாற்றியது. இரண்டு மூட்டை சுண்ணாம்புத் தூள், நூல், டேப், ஒரு கொத்தனார், அரை நாள் கூலி. மொத்தம் 1,400 ரூபாய். முழு பிளானையும் மனையில் உண்மையான அளவில் கோடு போட்டோம். கதவு இருக்கும் இடத்தில் கோட்டை விட்டுவிட்டோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பழைய கட்டில், சமையல் மேடைக்கு ஒரு பெஞ்ச். பிறகு குடும்பத்தோடு அந்தக் கோடுகளுக்குள் ‘வாழ்ந்து’ பார்த்தோம்.

மனைவி பெஞ்சுக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே இரண்டு முறை நடந்துவிட்டு, “இதுக்குள்ள ரெண்டு பேர் நிக்க முடியாது” என்றாள். மேடைக்கு எதிர்ச் சுவரை 8 அங்குலம் தள்ளினோம். மகள் தன் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜன்னல் முதுகுப் பக்கம் வருகிறது, படிக்கும்போது நோட்டில் நிழல் விழும் என்றாள். அம்மா ஒரு முறத்தில் கீரையை வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்பா, இங்க உக்காந்தா தெருவுல யார் போறாங்க வர்றாங்கன்னே தெரியாதே. நாள் முழுக்க செவுத்தையா பாத்துக்கிட்டு இருக்கறது?”

ஆர்க்கிடெக்ட் அன்று அங்கே இருந்தார். நோட்டில் அந்த ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினேன். கார் நிறுத்தத்துக்கு ஒதுக்கியிருந்த இடத்தில் மூன்றடியை எடுத்து, மேற்கு முகப்பில் ஒரு திண்ணையும் அதன் மேல் 5 அடி இறங்கும் ஓட்டுத் தாழ்வாரமும் வரைந்தார். மாலை வெயில் ஹாலுக்குள் வராமல் போனதும் அதே தாழ்வாரத்தால்தான். எங்கள் காருக்கு இடம் கொஞ்சம் இறுக்கம். அதைப் பற்றி யாரும் இதுவரை குறை சொல்லவில்லை.

சுண்ணாம்புக் கோடு போடும் நாளில் ஆர்க்கிடெக்ட் வருவதை ஒப்பந்தத்திலேயே ஒரு வருகையாகச் சேர்த்துவிடுங்கள்.

7. மண்ணும் உப்பும்

கட்டுமான வரைபடத்துக்கு முன் மண் பரிசோதனை செய்யுங்கள். எங்களுக்கு இரண்டு துளைக்கு 24,000 ரூபாய், அறிக்கை வர 12 நாள். ‘பக்கத்து வீட்டுக்குக் கடக்கால் 5 அடிதான் போட்டோம்’ என்று மேஸ்திரி சொல்வார். ஆற்றங்கரை ஊர் இது, ஒரே தெருவில் ஒரு மனையில் மணல், அடுத்த மனையில் களிமண் இருக்கும்.

போர்வெல் தண்ணீரையும் பரிசோதியுங்கள், 2,500 ரூபாய்தான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சொல்லும் எல்லை. எங்கள் போர்வெல் தண்ணீரில் தாண்டியிருந்தது. கான்கிரீட் போடும் நாள்களில் லாரித் தண்ணீர் வாங்கினோம்.

அதே தரநிலையில் இன்னொன்று. கடற்கரைச் சூழலில் வெளியே திறந்து நிற்கும் கான்கிரீட்டுக்கு எம்30 தரமும் (எண் கூடினால் வலிமை கூடும்) கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடலும் வேண்டும். கடற்காற்று நேராகப் படாமல் மறைந்த பகுதிகளுக்கு எம்25, 30 மி.மீ. நம் ஊரில் கேட்காமலே கலப்பது எம்20தான். மூடலுக்கு உடைந்த ஜல்லித் துண்டைக் கம்பிக்கடியில் செருகுவார்கள். சில ஆண்டுகளில் சன்ஷேடின் அடியில் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பெயர்ந்து தொங்குவதை முதுநகர்ப் பக்கம் நடந்தால் பார்க்கலாம். எந்தப் பகுதிக்கு எந்தத் தரம் என்று பொறியாளரை வரைபடத்திலேயே எழுதச் சொல்லுங்கள், மூடலுக்காகக் கம்பிக்கடியில் வைக்கும் கவர் பிளாக்கை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

8. அனுமதி

2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் சுயசான்று முறை இருக்கிறது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரையும் முதல் தளமுமோ என்றால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றி, கட்டணம் கட்டினால் உடனே அனுமதி கிடைக்கும். கட்டணம் உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும். சதுர அடியைப் போட்டால் இணையதளமே தொகையைக் காட்டும். பத்திரங்கள் சரியாக இருந்ததால் எங்களுக்கு ஒரே மாலையில் முடிந்தது.

ஆனால் ‘சுயசான்று’ என்றால் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. கொடுத்த தகவல் தவறு என்றாலோ, வரைந்தது ஒன்று கட்டியது ஒன்று என்றாலோ அனுமதி ரத்தாகும். அதனால் 6ஆம் படியில் எல்லா மாற்றங்களையும் முடித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ‘முதல்ல அனுமதி வாங்கிடுவோம், அப்புறம் மாத்திக்கலாம்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். மழைநீர் சேகரிப்பு கட்டாயம், வரைபடத்தில் அது இருக்கட்டும்.

வங்கிக் கடன் வாங்குகிறவர்கள் அனுமதி வரைபடம், பொறியாளர் மதிப்பீடு, வழக்கறிஞர் கருத்து மூன்றையும் தயாராக வையுங்கள். கடன் கடக்கால், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் உங்கள் பணத்தில் முடித்துக் காட்ட வேண்டியிருக்கும். தற்காலிக மின் இணைப்புக்கு வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

9. மாதக் கணக்கும் ஒப்பந்தமும்

கடலூரில் கட்டட வேலையின் எஜமான் வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி பிறக்கும் முன் கூரை போட்டு முடிந்திருக்க வேண்டும். பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் பூமி பூஜை போடுவதற்கான வாஸ்து நாள் கிடையாது. தை 12, மாசி 22 இரண்டும் நமக்குத் தோதானவை. தையில் பூஜை போட்டால் பங்குனிக்குள் தரைமட்டம், ஆனிக்குள் முதல் கூரை, மழைக்கு முன் மாடிக் கூரையும் வெளிப்பூச்சும். மழைக்காலத்தில் உள்வேலை. சூளைச் செங்கல்லும் கோடையில்தான் மலிவு.

தையில் பூஜை என்றால் ஆர்க்கிடெக்ட்டிடம் ஆவணியிலேயே போயிருக்க வேண்டும். எங்களுக்கு வரைபட வேலைக்கு மட்டும் 10 வாரம் பிடித்தது. அவசரப்படுத்தாதீர்கள். நாங்கள் தூங்கி எழுந்து மாற்றிய விஷயங்கள்தான் இன்று அதிகம் பயன்படுகின்றன.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது ‘சதுர அடி’ என்ற சொல்லை. எங்களிடம் சதுர அடிக்கு 2,350 ரூபாய் பேசினார்கள். தாழ்வாரம் முழு விலையா பாதி விலையா, தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, மதில், தரைமட்டம் உயர்த்துவது, மொட்டைமாடியில் பதிக்கும் தட்டு ஓடு எல்லாம் உள்ளே சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். எங்களுக்கு முதலில் விலை சொன்ன ஒருவர் இவை எதையும் சேர்க்கவில்லை. மற்றவரைவிட 150 ரூபாய் குறைவாகச் சொல்லி, மொத்தத்தில் நான்கு லட்சம் கூடுதலாக வந்தார்.

கடைசியாக ஒரு வேலை. பூச்சுக்கு முதல் நாள், ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்துப் பிடித்து, வயர் பைப்பும் தண்ணீர் பைப்பும் தெரியும்படி போட்டோ எடுத்து அறை வாரியாகப் பெயர் போட்டு வையுங்கள். போன வாரம் அம்மா அறையில் கைப்பிடி மாட்ட வந்தவர் துளை போடும் முன் அந்தப் போட்டோவைக் காட்டினேன். தண்ணீர் பைப்பிலிருந்து நான்கு அங்குலம் தள்ளித் துளைத்தார்.